காலியான இடங்கள்: மைக் ட்ரவுட் மேஜர் லீகுக்கு வந்த வழி

2009 ஜூன் 9ஆம் தேதி. நியூ ஜெர்சியின் சீகாகஸ் ஊரில், பேஸ்பால் மைதானம் போலவே உள்ளே வடிவமைத்த ஒரு தொலைக்காட்சி ஸ்டுடியோ. அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீகின் அந்த வருட டிராஃப்ட், அதாவது அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி, அங்கிருந்துதான் நேரலையாகப் போனது. தேர்வாகும் வாய்ப்புள்ள இளம் வீரர்களில் நேரில் வந்திருந்தது ஒரே ஒருவர்தான்: 17 வயது மைக் ட்ரவுட். அவருடைய ஊர் மில்வில் அதே மாநிலத்தின் தெற்கே இருக்கிறது. காரில் சுமார் இரண்டு மணி நேரம். அப்பா அம்மாவோடு வந்து உட்கார்ந்தார்.

கமிஷனர் பட் சீலிக் ஒவ்வொரு பெயராக வாசித்தார். முதல் பெயர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க். அது எல்லோரும் எதிர்பார்த்ததே. மூன்றாவது, டோனவன் டேட் என்ற இன்னொரு பள்ளி மாணவர், ட்ரவுட்டைப் போலவே அவரும் அவுட்ஃபீல்டர், அதாவது மைதானத்தின் பின்பகுதியில் நிற்பவர். பத்து பெயர் போனது, இருபது போனது. ட்ரவுட் பெயர் வரவில்லை. 24ஆவதாக லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அணியின் முறை. அவர்கள் ராண்டல் கிரிச்சக் என்ற டெக்சாஸ் பையனை எடுத்தார்கள். அடுத்த முறையும் அவர்களுடையதுதான். 25ஆவது பெயராக ட்ரவுட் பெயர் வந்தது.

அந்த வீரர் பின்னாளில் மூன்று முறை லீகின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கினார். 2019இல் 426.5 மில்லியன் டாலருக்கு 12 வருட ஒப்பந்தம் போட்டார். அதனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் "24 தடவை எல்லோரும் கோட்டை விட்டார்கள்" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதைவிட வேறொரு விஷயம் முக்கியமாகப் படுகிறது. டிராஃப்டிலிருந்து மேஜர் லீக் வரை அவருடைய ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் எழுந்து போன இடம் இருந்தது. திறமை அவருடையது. ஆனால் வாசல் திறந்த ஒவ்வொரு தடவையும் இன்னொருவர் வெளியே போயிருந்தார்.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு டிராஃப்ட் கொஞ்சம் புதிதாக இருக்கும். இங்கே யாரும் விலை கேட்டுக் கையைத் தூக்குவதில்லை. அப்போது முந்தைய சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் உரிமை, அடுத்து அதற்கு மேலே இருந்த அணி, இப்படியே வரிசை ஏறிப் போனது. 1965 முதல் டிராஃப்ட் நடக்கிறது. ஓர் அணி ஒருவரின் பெயரைச் சொல்லிவிட்டால் மற்ற அணிகள் அவரோடு பேச முடியாது. 2009இல் 50 சுற்று நடந்தது; இப்போது 20 சுற்றாகக் குறைத்துவிட்டார்கள். பள்ளி மாணவருக்கு ஒரு பிடி உண்டு: கொடுக்கும் பணம் பிடிக்கவில்லை என்றால் கல்லூரிக்குப் போய்விடலாம். ட்ரவுட்டுக்கும் ஈஸ்ட் கரோலினா பல்கலைக்கழகத்தில் இடம் தயாராக இருந்தது.

சரி, 25 வரை ஏன் போனார்? பேஸ்பாலில் வீரர்களைத் தேடிப் போய்ப் பார்த்து மதிப்பிடுபவர்களை ஸ்கவுட் என்பார்கள். அவர்கள் ஓர் ஆட்டக்காரரை ஐந்து திறன்களில் அளப்பார்கள்: பந்தை அடிப்பது, பலமாக அடிப்பது, ஓட்டம், பிடிப்பது, எறிவது. ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ட்ரவுட்டின் ஓட்டத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. அடி பற்றித்தான் சந்தேகம். நியூ ஜெர்சியில் பள்ளி சீசன் ஏப்ரல் குளிரில்தான் தொடங்கும். மழையில் ஆட்டங்கள் தள்ளிப் போகும். எதிரே பந்து வீசுகிறவர்களும் கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா, டெக்சாஸ் தரத்தில் இருக்க மாட்டார்கள். கடைசிப் பள்ளி ஆண்டில் 18 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி, சுவருக்கு வெளியே போகும் அடி) அடித்தார். அது அந்த மாநிலத்தின் பள்ளிச் சாதனை. ஆனால் "யாரை எதிர்த்து அடித்தான்?" என்ற கேள்வி ஸ்கவுட்டுகள் மனதில் நின்றது. போதாததற்கு, அதற்கு முன்பு அவர் உள்வட்டத்தில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பாகவும் பந்து வீசும் பிட்சராகவும் ஆடியவர். அவுட்ஃபீல்டுக்கு மாறியதே கடைசி ஆண்டில்தான். அந்த இடத்தில் அவரைப் பார்க்கக் கிடைத்த ஆட்டங்கள் கொஞ்சம்தான்.

அந்தச் சந்தேகம் இல்லாத ஒருவர் ஏஞ்சல்ஸின் வடகிழக்குப் பகுதி ஸ்கவுட் கிரெக் மோர்ஹார்ட். மைக்கின் அப்பா ஜெஃப் ட்ரவுட்டும் பேஸ்பால் ஆடியவர்தான். 1983 டிராஃப்டின் ஐந்தாவது சுற்றில் மினசோட்டா ட்வின்ஸ் அவரை எடுத்தது. ஓடுகிறவர் தொட வேண்டிய நான்கு பேஸ்களில் இரண்டாவதன் அருகே நின்று ஆடினார், மேஜர் லீகுக்குக் கீழே இருக்கும் மைனர் லீகில் நான்கு வருடம் இருந்தார். நல்ல ஆட்டக்காரரின் அடையாளமான .300க்கு மேல் சராசரி வைத்திருந்தும், மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழே இருக்கும் டபுள்-ஏ வரைதான் போக முடிந்தது. காயம் வந்தது, விட்டுவிட்டு மில்வில்லில் சரித்திர ஆசிரியர் ஆனார். அவரோடு ஒரே மைனர் லீக் அணியில் ஆடியவர் இந்த மோர்ஹார்ட். மகனைப் பார்க்கும்போது அவர் கண்ணில் அப்பாவும் தெரிந்திருப்பார். மற்ற ஸ்கவுட்டுகளுக்கு அது நோட்டில் இருந்த ஒரு பெயர். இவருக்கு அந்தக் குடும்பத்தின் கால்களும் குணமும் தெரியும். ஏஞ்சல்ஸின் ஸ்கவுட்டிங் தலைவர் எடி பேன் அந்தச் சொல்லை நம்பினார். அந்த நம்பிக்கைக்கு அவருக்குக் கிடைத்த பலன் என்ன என்றால், 2010 இலையுதிர் காலத்தில் வேலை போனது. ட்ரவுட் மேஜர் லீகில் ஒரு பந்துகூட ஆடியிராத நேரம் அது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

அடுத்து, ஏஞ்சல்ஸுக்கு அந்த 25ஆவது இடம் எப்படி வந்தது? உண்மையில் அது நியூ யார்க் யாங்கீஸின் இடம். அப்போது ஒரு விதி இருந்தது. மேல்தரமான வீரர் ஒருவர் ஒப்பந்தம் முடிந்து வேறு அணிக்குப் போனால், அவரை எடுத்துக்கொண்ட அணி தன் டிராஃப்ட் முறை ஒன்றைப் பழைய அணிக்கு ஈடாகக் கொடுக்க வேண்டும். 2008 ஜூலையில் மார்க் டெஷேராவை ஏஞ்சல்ஸ் அட்லாண்டாவிடமிருந்து வாங்கியிருந்தது. அரை சீசன் ஆடினார். டிசம்பரில் யாங்கீஸ் 180 மில்லியன் டாலர் கொடுத்து அழைத்துக்கொண்டது. அதற்கு ஈடாக வந்ததே இந்த இடம். அதற்கு முந்தைய 24ஆவதும் அப்படித்தான். 2008இல் 62 ஆட்டங்களின் கடைசியில் வந்து வெற்றியைக் காப்பாற்றிக் கொடுத்துச் சாதனை படைத்த பிட்சர் ஃப்ரான்சிஸ்கோ ரோட்ரிகஸ் நியூ யார்க்கின் இன்னொரு அணியான மெட்ஸுக்குப் போனதற்கு அது ஈடு.

இதில் இன்னொரு நூலிழையும் இருக்கிறது. யாங்கீஸ் அதே குளிர்காலத்தில் மில்வாக்கி அணியிலிருந்து பிட்சர் சி.சி. சபாத்தியாவையும் எடுத்தது. முதல் சுற்று இடம் ஒன்றே ஒன்றுதான். இழந்தவர்களோ ஒருவருக்கு மேல். அப்போது வீரர்களுக்கு ஒரு தரவரிசைக் கணக்கு உண்டு. அதில் டெஷேரா சபாத்தியாவுக்கு மேலே இருந்தார். அதனால் முதல் சுற்று இடம் ஏஞ்சல்ஸுக்கு வந்தது, மில்வாக்கி அடுத்த சுற்று இடத்தோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று. யாரோ இருவரின் புள்ளிக்கணக்கில் இருந்த வித்தியாசம், மில்வில் வீட்டுப் பையன் எந்த அணிக்குப் போவான் என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

12,15,000 டாலர் கையெழுத்துப் பணம் பேசி முடிந்தது. கல்லூரி கைவிடப்பட்டது. இனி மைனர் லீக்.

மைனர் லீக் என்றால் உள்ளூர் டிவிஷன் கிரிக்கெட் மாதிரி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் கீழே படிப்படியாகச் சொந்த நாற்றங்கால் இருக்கிறது. அடியில் ரூக்கி லீக், அப்புறம் சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ. கையெழுத்துப் பணம் பெரிதாக வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்லாமல் போவது நியாயம் இல்லை. இரவு முழுக்க பஸ் பயணம், நான்கைந்து பேர் சேர்ந்து வாடகை அறை, சீசன் மாதங்களுக்கு மட்டும் சம்பளம். 2022இல் மைனர் லீக் வீரர்கள் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023இல் முதல் கூட்டு ஒப்பந்தம் வந்தது. அதில் கடைசிப் படியில் இருப்பவரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 4,800 டாலரிலிருந்து 19,800 ஆனது. ட்ரிபிள்-ஏவில் 17,500 என்பது 35,800 ஆனது. இந்த உயர்வை நான் பெரிய வெற்றி என்றே சொல்வேன். மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே நின்ற ஒருவர் வருடம் முழுக்க 17,500 டாலரில் குடும்பம் நடத்தியிருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். அமெரிக்க விலைவாசியில்!

ட்ரவுட் அந்தப் படிகளை ஏறிய வேகம் அசாதாரணமானது. 2009 கோடையில் அரிசோனா வெயிலில் ரூக்கி லீகில் 39 ஆட்டம், சராசரி .360. (பேஸ்பால் சராசரி நம் கிரிக்கெட் சராசரி மாதிரி ரன் கணக்கு இல்லை. பத்து வாய்ப்பில் மூன்று முறை அடித்து பேஸுக்குப் போய்ச் சேர்ந்தால் .300. அதுவே நல்ல ஆட்டக்காரரின் அடையாளம்.) 2010இல் ஐயோவா மாநிலத்தின் சீடர் ராபிட்ஸ் அணியில் 81 ஆட்டம், .362. அதே வருடம் கலிஃபோர்னியாவின் ராஞ்சோ குகமோங்கா. 2011இல் டபுள்-ஏ அணியான ஆர்கன்சா டிராவலர்ஸ். அந்த டபுள்-ஏ படியில்தான் பலர் நின்றுவிடுவார்கள். வேகப் பந்தை மட்டும் அடிக்கத் தெரிந்தவர்களை, வளைந்து இறங்கும் பந்துகள் அங்கே பிடித்துக்கொள்ளும். அப்பா ஜெஃப்பின் பயணம் முடிந்ததும் இதே படியில். மகன் 91 ஆட்டத்தில் .326 அடித்தார், 33 பேஸ் திருடினார், அதாவது பிட்சர் பந்து வீசும் நேரம் பார்த்து, அடி இல்லாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார்.

இங்கே அவுட்ஃபீல்டர் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மைதானத்தின் பின்பகுதியில் மூன்று பேர் நிற்பார்கள்: இடது, நடு, வலது. நடுவில் நிற்கும் சென்டர் ஃபீல்டர்தான் அந்தப் பகுதிக்குத் தலைவர். இரண்டு பேருக்கு நடுவே பந்து வந்தால் "என்னுது" என்று அவர் குரல் கொடுத்தால் மற்றவர் விலகிவிட வேண்டும். அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து நடுச்சுவர் சுமார் 400 அடி. பேட்டில் பட்ட சத்தம் வரும்போதே, முன்னால் ஓடுவதா பின்னால் ஓடுவதா என்று கால் முடிவு செய்திருக்க வேண்டும். நேர் தலைக்கு மேல் வரும் பந்துதான் மிகக் கஷ்டம், தூரமே தெரியாது. லாங்-ஆனில் நின்று கேட்ச் பிடித்தவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். இப்படி ஓர் இடம் ஓர் அணியில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அங்கே ஒருவர் நன்றாக ஆடிக்கொண்டிருந்தால் கீழே இருப்பவர் எவ்வளவு அடித்தாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

ஏஞ்சல்ஸில் அந்த இடம் டோரி ஹண்டருடையது. சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்ட் கிளவ் விருதை 2001 முதல் 2009 வரை தொடர்ந்து ஒன்பது முறை வாங்கியவர். 2010 ஆகஸ்டில் பீட்டர் போர்ஜஸ் என்ற இளைஞர் வந்தார். ஓட்டத்தில் மின்னல். வயது ஏறிக்கொண்டிருந்த ஹண்டர் நடு இடத்தை விட்டுக்கொடுத்து வலது பக்கம் நகர்ந்தார். ஒன்பது கோல்ட் கிளவ் வைத்திருக்கும் ஒருவர் அப்படி நகர்ந்ததை நான் பெரிய மனசு என்றுதான் பார்க்கிறேன். பின்னாளில் ட்ரவுட்டை அணிக்குள் கைபிடித்து நடத்தியதும் அவரே.

2011 ஜூலையில் போர்ஜஸுக்குக் காயம். ஜூலை 8, சியாட்டிலுக்கு எதிரான ஆட்டத்தில் ட்ரவுட் சென்டர் ஃபீல்டில் நின்றார். 20 வயது முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. அன்றைக்கு மூன்று வாய்ப்பில் ஒன்றும் அடிக்கவில்லை. மறுநாள் வந்த முதல் ஹிட்கூட மைதானத்தின் உள்வட்டத்தைத் தாண்டவில்லை. காலால் ஓடிச் சம்பாதித்தது. ஜூலை 24 பால்டிமோரில் முதல் ஹோம் ரன். ஆகஸ்ட் தொடக்கத்தில் மறுபடியும் ஆர்கன்சாவுக்கு அனுப்பினார்கள், பாதி மாதம் போனதும் திரும்பக் கூப்பிட்டார்கள். சீசன் முடிந்தபோது 40 ஆட்டம், சராசரி .220.

டபுள்-ஏவில் .326 அடித்தவர் மேலே வந்து .220. இந்த எண்ணைப் பார்த்து "அவ்வளவுதான்" என்று முடிவு கட்டியிருந்தால் தப்பில்லை என்று சொல்லுமளவுக்கு மோசமான எண். இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், 123 வாய்ப்பில் 27 ஹிட். அந்த 123இல் ஒரு விசேஷம் இருக்கிறது. மேஜர் லீகில் 130 வாய்ப்பைத் தாண்டிவிட்டால் அடுத்த வருடம் புதுமுகம் என்ற தகுதி போய்விடும். இவர் அந்த 130க்கு ஏழு வாய்ப்பு குறைவாக நின்றார். தோற்றுப்போன அந்த 40 ஆட்டங்கள் அவருடைய புதுமுகக் கணக்கை அழிக்காமல், பாடத்தை மட்டும் விட்டுவிட்டுப் போயின.

2012 வசந்த காலப் பயிற்சியில் வைரஸ் காய்ச்சல் வந்து எடை குறைந்தது. சீசன் தொடங்கும்போது ட்ரிபிள்-ஏ அணியான சால்ட் லேக் பீஸில் இருந்தார். அங்கே 20 ஆட்டத்தில் .403. மேலே ஏஞ்சல்ஸ் அதே நேரத்தில் 6 வென்று 14 தோற்றிருந்தது. அப்போது அணியில் 25 பேருக்குத்தான் இடம். ஒருவர் உள்ளே வர ஒருவர் வெளியே போக வேண்டும். இந்தத் தடவை போனவர் பாபி அப்ரேயு. வெனிசுவேலாவிலிருந்து வந்து பத்து வருடத்துக்கும் மேல் மேஜர் லீகில் தூணாக நின்ற அவுட்ஃபீல்டர். சம்பளம் பாக்கி இருந்தும் அவரை விடுவித்துவிட்டு, ஏப்ரல் 28இல் ட்ரவுட்டைக் கூப்பிட்டார்கள். வாஷிங்டனுக்காக ப்ரைஸ் ஹார்ப்பர் தன் முதல் ஆட்டத்தை ஆடியதும் அதே நாள். ஒரே சனிக்கிழமையில் அடுத்த பத்து வருடத்தின் இரண்டு அவுட்ஃபீல்டர்கள் உள்ளே வந்தார்கள்.

அன்றிலிருந்து ஏஞ்சல்ஸ் 83 வென்று 59 தோற்றது. ட்ரவுட் 139 ஆட்டத்தில் .326, 30 ஹோம் ரன், 49 திருட்டு, 129 ரன். சிறந்த புதுமுக விருதுக்கு வாக்களித்த அத்தனை பேரும் அவர் பெயரையே எழுதினார்கள்.

எண்களைவிட எனக்கு மனதில் நிற்பது ஜூன் 27இல் பால்டிமோரில் பிடித்த ஒரு கேட்ச். ஆட்டத்தின் தொடக்கம். ஜெரெட் வீவர் வீசிய பந்தை ஜே.ஜே. ஹார்டி நடுவில் ஆழமாக அடித்தார். ட்ரவுட் பந்துக்கு முதுகு காட்டி ஓடினார், சுவர் வந்ததும் ஒரு காலில் எழும்பினார். கை முழங்கை வரைக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. கீழே வந்து இறங்கியதும் முதல் வேலையாகக் கையுறைக்குள் எட்டிப் பார்த்தார், பந்து இருக்கிறதா என்று. இருந்தது. பிட்சிங் மேட்டில் வீவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். முதல் ஹோம் ரன் அடித்த அதே மைதானத்தில் இன்னொருவருடைய ஹோம் ரனை எடுத்துவிட்டார்.

இவ்வளவுக்கும் அடுத்த வருடச் சம்பளம் 5,10,000 டாலர். அப்போதைய குறைந்தபட்சத்தைவிட 20,000தான் அதிகம். விதி அப்படி. முதல் மூன்று வருடம் ஏறக்குறைய அணி சொல்வதுதான் சம்பளம். அப்புறம் மத்தியஸ்தர் முன் போகலாம். ஆறு வருடம் முடிந்தால்தான் விருப்பப்பட்ட அணிக்குப் போகும் சுதந்திரம். ட்ரவுட்டுக்குப் பின்னால் பெரிய பணம் வந்தது, அதனால் யாரும் அவருக்காக வருத்தப்பட வேண்டாம். ஆனால் நாலாவது வருடமே முழங்கால் போய்விடுகிற ஓர் அவுட்ஃபீல்டருக்கு இந்த விதி ரொம்பக் கொடுமையானது. அதை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

மூன்றாவதாக எடுக்கப்பட்ட டோனவன் டேட்டுக்கு சான் டியேகோ 62,50,000 டாலர் கொடுத்தது. ட்ரவுட் வாங்கியதைப் போல ஐந்து மடங்கு. அவர் ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடவில்லை.

அப்புறம் போர்ஜஸ். காயம் குணமாகி 2011இலேயே திரும்பிவிட்டார், 2012 சீசனையும் அவர்தான் சென்டர் ஃபீல்டில் தொடங்கினார். அப்புறம் ட்ரவுட் வந்தார். கொஞ்ச நாள் ட்ரவுட்டை இடது பக்கம் நிறுத்தி இருவரையும் ஆட வைத்துப் பார்த்தார்கள். நாளாக ஆக அவர் பெஞ்சில் உட்காரும் நாள்கள்தான் கூடின. 2013 நவம்பரில் ஏஞ்சல்ஸ் அவரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு மாற்றியது. அதே பரிமாற்றத்தில் கூடவே அனுப்பப்பட்டவர் ராண்டல் கிரிச்சக், அந்த ஜூன் மாலையில் ட்ரவுட்டுக்கு முன்னால் வாசிக்கப்பட்ட 24ஆவது பெயர். ஏஞ்சல்ஸின் பின்பகுதியில் அவருக்கும் இடம் கிடைத்திருக்கவில்லை. செயின்ட் லூயிஸில் கிடைத்தது. 2014 வசந்தத்தில் அங்கே முதல் ஆட்டம் ஆடினார். பின்னாளில் அவருடைய ஹோம் ரன் கணக்கும் 200ஐத் தாண்டியது.